கிறுக்குத் தாத்தாவும் தேவதாரு மரமும்

"மேஜர் ஒரு வித்தியாசமான கேரக்டருப்பா!"

இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஆஸ்டினுக்கு வந்து போகிற நம்மாட்கள் எல்லோரும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். இருபத்துநாலாவது தெருவும் விட்டிஸ் அவென்யூவும் சந்திக்கிற முனையில் ஒரு சிவப்புச் செங்கல் மாளிகை நிற்கும். கூம்புக் கோபுரமும் சுற்றுத் தாழ்வாரமும் இரும்பு வேலைப்பாடுமாக, விக்டோரியா காலத்துப் பேய்ப்படத்துக்கு செட் போட்ட மாதிரி இருக்கும். முன்னாடி நின்று ஒரு போட்டோ. அப்புறம் வீட்டுக்குப் போய் பதிவு. பதிவில் மூணே மூணு விஷயம் இருக்கும்: இமயமலை மண்ணு, மாடி ஆவி, "வித்தியாசமான மனுஷன்".

போன மாதம் நான் மதிக்கிற பதிவர் ஒருவரும் இதையே எழுதியிருந்தார். நல்ல எழுத்து, நல்ல படங்கள். பின்னூட்டத்தில் ரெண்டு வரி எழுத ஆரம்பித்தேன். ரெண்டு வரி இருபது வரியாச்சு. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கச்சேரி பண்ணுவது நல்லா இருக்காது என்று இங்கே வந்துவிட்டேன். அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை, அந்த 'வித்தியாசமான' என்கிற வார்த்தையைக் குத்துவதற்காக எழுதுகிறேன். இதில் உள்குத்து எதுவும் இல்லை, எல்லாமே வெளிக்குத்துதான் :)

முதலில் கதை தெரியாதவர்களுக்கு.

ஜார்ஜ் வாஷிங்டன் லிட்டில்ஃபீல்ட். (ஆமாம், பெயரே அப்படித்தான்.) 1842-ல் மிசிசிப்பியில் பிறந்தவர், 1850-ல் குடும்பத்தோடு டெக்சஸ் வந்தவர். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த குடும்பம். உள்நாட்டுப் போர் வந்தபோது தெற்கின் பக்கம், டெர்ரியின் டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற குதிரைப் படையில் சண்டை போட்டார். 1863 டிசம்பர் 26 அன்று டென்னசியில் மாஸ்ஸி க்ரீக் என்ற இடத்தில் குண்டு வெடித்து இடுப்பில் பலத்த காயம். ஆள் தேறமாட்டார் என்று நினைத்து அந்த இடத்திலேயே 'மேஜர்' பதவி உயர்வு கொடுத்தார்கள். மனுஷன் அதுக்கப்புறம் 57 வருஷம் இருந்தார். சாகும் வரை 'மேஜர்'தான்.

போர் முடிந்து ஊருக்கு வந்தால் விவசாயம் படுத்துவிட்டது. 1871-ல் ஒரு மாட்டு மந்தையைத் திரட்டி கேன்சஸ் ஆபிலீனுக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றார். அங்கிருந்து பிடித்தது ஏறுமுகம். 1877-ல் டெக்சஸ் வடகோடியில் எல்.ஐ.டி. என்ற பண்ணை, 1881-ல் அதை 2,53,000 டாலருக்கு விற்றார். 1890-ல் ஆஸ்டினில் அமெரிக்கன் நேஷனல் பேங்க். பேங்க்குக்கு வெண்கலக் கதவு போட்டார், கதவு பூராவும் மாட்டுப் பண்ணைக் காட்சிகள். 1893-ல் இந்த வீட்டைக் கட்ட ஆரம்பித்தார். ஜேம்ஸ் வாரன்பெர்கர் என்பவர் கட்டடக் கலைஞர், செலவு 50,000 டாலர். அமெரிக்காவில் பேங்க்குகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்த வருஷம் அது, இவர் கோபுரம் வைத்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

வீட்டு முன்னால் ஒரு தேவதாரு. நம்ம இமயமலைத் தேவதாருவேதான். டெக்சஸ் மண்ணில் அது வளராது என்று சொன்னதால், மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு இமயமலையிலிருந்தே மண்ணைக் கப்பலில் வரவழைத்து நிரப்பினார் என்பது ஊர்க்கதை. நிஜமோ பொய்யோ, அந்தக் கதையை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. கதை அப்படி!

பிறந்த ரெண்டு குழந்தைகளும் சின்னதிலேயே போய்விட்டன. அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளை எல்லாம் படிக்க வைத்தார், தொழில் வைத்துக்கொடுத்தார். 1911-ல் பல்கலைக்கழகத்தின் ரீஜெண்ட் ஆனார், அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர். 1920 நவம்பர் 10-ல் இறந்தார். மனைவி ஆலிஸ் 1935-ல் இறந்த பிறகு வீடு பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அந்தம்மாதான் ஆவியாம். மாடியில் பூட்டி வைத்திருந்தார்கள், கத்தினார்கள், இன்னும் கத்துகிறார்கள் என்று ஹாஸ்டல் பசங்க அளப்பார்கள். பாவம், ஒரு பொம்பளை தன் பெயரில் ஒரு மாணவியர் விடுதி இருந்தும் பேயாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறார்.

இதுவரை படித்தால் யாருக்கும் பிடித்துவிடும். எனக்கும் பிடிக்கும். மாடு மேய்த்துச் சம்பாதித்து, வாரிசு இல்லாமல், காலேஜுக்கு எழுதி வைத்துவிட்டுப் போன பெருசு. சிவாஜி சார் நடிக்க வேண்டிய ரோல்.

நிற்க.

மாஸ்ஸி க்ரீக்கில் அடிபட்டுக் கிடந்தவரைப் பராமரித்து டெக்சஸ் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தது யார்? நேத்தன் ஸ்டோக்ஸ். லிட்டில்ஃபீல்டின் அடிமை. எஜமானனோடு போருக்குப் போனவர். தன்னை அடிமையாகவே வைத்திருக்க வேண்டும் என்று சண்டை போடுகிற படையின் முகாமில், எஜமானனுக்குச் சேவகம் செய்தவர். 1863 டிசம்பர் என்றால் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தின்படி அவர் அப்போதே சுதந்திர மனிதன். அடிமை விடுதலையாகிவிட்டது என்ற சேதியை யூனியன் ராணுவம் டெக்சஸில் அறிவித்தது 1865 ஜூன் 19-ல்தான்.

விடுதலைக்கு அப்புறமும் அவர் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை, கடைசி வரை மேஜரோடு இருந்தார். உடனே சிலர் ஆரம்பிப்பார்கள், "பாத்தீங்களா, எவ்வளவு பாசம்!" என்று. படிப்பு கொடுக்காத, நிலம் கொடுக்காத ஊரில் 1865-ல் ஒரு மனுஷனுக்குப் போக எத்தனை இடம் இருந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் பாசத்தைப் பற்றிப் பேசலாம். பாசம் இருந்திருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. கட்டிப்போட்டிருந்ததும் இருந்தது.

நான் பார்த்த நம்மவர் பயணப் பதிவுகள் ஒன்றிலும் நேத்தன் ஸ்டோக்ஸ் இல்லை. மரம் இருக்கிறது, மரத்துக்குப் போட்ட மண் இருக்கிறது, செத்துப்போன ஆலிஸம்மாவின் ஆவிகூட இருக்கிறது. மேஜரைப் பிழைக்க வைத்த ஆள் இல்லை. அவர் இல்லையென்றால் மேஜர் இல்லை, மாடு இல்லை, பேங்க் இல்லை, மாளிகை இல்லை. அட, நம்ம போட்டோவே இல்லையே சாமி!

'வித்தியாசமான மனுஷன்' என்ற பட்டம் செய்கிற வேலை இதுதான். அது ஒரு மன்னிப்புச் சீட்டு. ஒருத்தர் பணக்காரராக இருந்து, கொஞ்சம் கிறுக்குத்தனமும் செய்து வைத்துவிட்டால், அவர் செய்த மற்றதெல்லாம் அந்தக் கிறுக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மரத்துக்கு மண் இறக்குமதி செய்ததும் கிறுக்கு, அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தலைவர்களுக்குப் பல்கலைக்கழக வாசலில் சிலை வைக்கச் சொன்னதும் கிறுக்கு. "பெருசு அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். இதே மண் இறக்குமதியை நம்ம தெருவில் ஒரு ஏழை செய்தால் கீழ்ப்பாக்கத்துக்கு வண்டி சொல்லியிருப்பார்கள்.

உண்மையில் லிட்டில்ஃபீல்ட் கிறுக்கே கிடையாது. அவரைப் பற்றி டேவிட் கிரேசி எழுதி 2019-ல் வந்த பெரிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. தலைப்பையே 'தன்னைப் பற்றி முழு நிச்சயம் கொண்ட மனிதர்' என்ற பொருளில் வைத்திருக்கிறார். அதுதான் சரியான வார்த்தை. என்ன செய்கிறோம், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று துல்லியமாகத் தெரிந்த ஆள் அவர். அவர் கொடுத்த ஒவ்வொரு டாலரிலும் ஒரு நோக்கம் தைத்திருந்தது.

உதாரணம் பாருங்க. அந்தச் சமயத்தில் அமெரிக்க வரலாற்றுப் பாடப்புத்தகங்கள் தெற்கை அவமதிக்கின்றன என்று பழைய தெற்குப் போர்வீரர்களின் சங்கம் ஆஸ்டினில் கொதித்துக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் யூஜின் பார்க்கர் அமைதியாக ஒரு பதில் சொன்னார்: தெற்கின் வரலாற்றை எழுத ஆவணங்கள் வேண்டும், அதெல்லாம் வடக்கத்தி நூலகங்களில் இருக்கின்றன, இங்கே ஒன்றும் இல்லை. லிட்டில்ஃபீல்ட் 1914-ல் 25,000 டாலர் கொடுத்து 'தெற்கு வரலாற்று நிதி' ஒன்றைத் தொடங்கினார். தெற்கின் நியாயம் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

அடுத்து உயில். பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே ஒரு நினைவு வாசல். அதில் ஜெஃபர்சன் டேவிஸ், ராபர்ட் லீ, ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன், ஜான் ரீகன் என்று சிலைகள். டேவிஸ் பிரிந்து போன தென் மாநிலக் கூட்டின் ஜனாதிபதி, லீயும் ஜான்ஸ்டனும் அதன் தளபதிகள், ரீகன் அதன் தபால்துறைத் தலைவர். கூடவே பழைய டெக்சஸ் கவர்னர் ஜேம்ஸ் ஹாக். படிக்க வருகிற பிள்ளை தினமும் யாருக்குக் கீழே நடந்து போக வேண்டும் என்பதைச் செத்தபிறகும் முடிவு செய்கிற உயில் இது. இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது? திட்டம் இருக்கிறது.

"அந்தக் காலம் அப்படிங்க. இன்னிக்குக் கண்ணாடியைப் போட்டு அன்னிக்கு ஆளைப் பார்க்கக் கூடாது." தெரியும், இது வரும் என்று தெரியும். இந்த விவாதத்தில் எப்பவும் முதலில் இறங்குகிற பேட்ஸ்மேன் இதுதான்.

சரி, அதே காலத்துக்கே போவோம். அதே பல்கலைக்கழகம், அதே நிர்வாகக் குழு, அதே மாதிரி பேங்க் முதலாளி. சான் அண்டோனியோ ஜார்ஜ் பிராக்கென்ரிட்ஜ். போரில் யூனியன் பக்கம் நின்றவர், அதனால் டெக்சஸை விட்டே போக வேண்டி வந்தவர். கால் நூற்றாண்டுக்கு மேல் ரீஜெண்டாக இருந்தார். பெண்கள் படிப்புக்கும் கறுப்பினத்தவர் படிப்புக்கும் பணம் கொடுத்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. உண்மையிலேயே விசித்திரமான ஆள் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். போர்க்காலப் பருத்தி வியாபாரத்தில் காசு பார்த்தவர் என்ற கறை அவர்மேலும் உண்டு, உத்தமர் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை. ஆனால் லிட்டில்ஃபீல்ட் இருந்த அதே அறையில், அதே வருஷங்களில், வேறு மாதிரி நினைத்த பணக்காரர் ஒருவர் இருந்தார்.

ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. 1910-ல் பிராக்கென்ரிட்ஜ் கொலராடோ ஆற்றங்கரையில் சுமார் 500 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார் (டெக்சஸிலேயே ஓடுகிற கொலராடோ ஆறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்). நாற்பது ஏக்கரில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் அங்கே போய் விரிந்து வளர வேண்டும் என்பது அவர் கனவு. லிட்டில்ஃபீல்ட் என்ன செய்தார்? பல்கலைக்கழகம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உயிலில் கோர்த்தார். இவர் நவம்பர் 10-ல் போனார், அவர் டிசம்பர் 28-ல் போனார். 48 நாள் இடைவெளி. 1921-ல் சட்டசபை, இடம் மாற வேண்டாம், பக்கத்து நிலத்தையே வாங்கிக்கொள்ளலாம் என்று 13.5 லட்சம் டாலர் ஒதுக்கியது. மேஜர் ஜெயித்தார். அவர் வீட்டு வாசலிலிருந்து பல்கலைக்கழகம் நகரவில்லை.

இன்னொருத்தர், போம்பியோ கோப்பினி. அந்தச் சிலைகளையும் நீரூற்றையும் செய்த இத்தாலியச் சிற்பி. லிட்டில்ஃபீல்டின் காசை வாங்குகிறவர், ஆமாம் சாமி போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவரே அப்போது எச்சரித்தார்: காலம் போகப் போக உள்நாட்டுப் போரை அமெரிக்க வரலாற்றின் கறையாகத்தான் மக்கள் பார்ப்பார்கள், இந்த நினைவுச் சின்னத்தை வடக்கு தெற்குப் பகையை வளர்க்கும் ஒன்றாக நினைத்து வெறுப்பார்கள் என்று. அதனால்தான் முதல் உலகப் போரையும் உள்ளே சேர்த்து, வடக்கும் தெற்கும் ஒன்று சேர்ந்த கதையாக மாற்றி, ஜனாதிபதி வில்சனையும் கொண்டு வந்து நிறுத்தினார். 1933-ல் நீரூற்று திறந்தபோது, வளாகத்தைத் திட்டமிட்ட பால் க்ரே சிலைகளைப் பிரித்து புல்வெளி ஓரமாக ஆங்காங்கே நிறுத்திவிட்டார். கோப்பினியின் கதை கலைந்துபோனது, டேவிஸும் லீயும் தனித்தனியாக நின்றார்கள்.

ஆக, 'அந்தக் காலம்' ஒரே மாதிரி யோசிக்கவில்லை. சக பேங்கர் வேறு மாதிரி யோசித்தார், கூலிக்குச் சிலை செய்தவர் வேறு மாதிரி யோசித்தார். நேத்தன் ஸ்டோக்ஸ் எப்படி யோசித்தார் என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. கேட்காதவனின் தவறை 'காலம்' தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அந்தச் சிலைகள் நின்ற வளாகத்துக்குள் கறுப்பின மாணவர்கள் வரவே முடியாது. ஹீமன் ஸ்வெட் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1950-ல் ஜெயித்த பிறகுதான் சட்டக் கல்லூரியின் கதவு திறந்தது. இளநிலைப் படிப்புக்கு 1956. நினைத்துப் பாருங்கள், நீதிமன்றத்தில் ஜெயித்து உள்ளே வருகிற பையனை வரவேற்பது ஜெஃபர்சன் டேவிஸ் சிலை!

அது 2015 வரை நின்றது. அந்த வருஷம் மார்ச்சிலேயே மாணவர் அமைப்பு டேவிஸை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள், கொன்றவன் தென் மாநிலக் கூட்டின் கொடியோடு போட்டோ எடுத்துக்கொண்டவன். ஆகஸ்ட் 30-ல் டேவிஸும் வில்சனும் இறங்கினார்கள். 2017-ல் சார்லட்ஸ்வில் கலவரம் நடந்து ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20 ராத்திரி ஆரம்பித்து விடிவதற்குள் லீ, ஜான்ஸ்டன், ரீகன், ஹாக் எல்லோரையும் இறக்கினார்கள். (ஹாக் மட்டும் 2018-ல் வளாகத்தின் வேறு மூலைக்குத் திரும்பி வந்தார்.) உயிலை மீறுகிறார்கள் என்று தென்படை வீரர்களின் வாரிசுச் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு போட உங்களுக்கு உரிமையே இல்லை என்று மாநில நீதிமன்றமும் சொன்னது, 2020-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா? காசு வாங்கிட்டு சிலையைத் தூக்கலாமா?" இது ரெண்டாவது பேட்ஸ்மேன். இவரைக் கொஞ்சம் மரியாதையாகவே ஆட விட வேண்டும், ஏனென்றால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கொடுத்த வாக்கு வாக்குதான்.

ஆனால் லிட்டில்ஃபீல்டின் சொந்தப் பணமே இதற்குப் பதில் சொல்கிறது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

தெற்கு வரலாற்று நிதி என்ன ஆச்சு தெரியுமா? பார்க்கரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தப் பணத்தில் கடிதங்கள், செய்தித்தாள்கள், தோட்டக் கணக்குகள் என்று வாங்கிக் குவித்தார்கள். 1947-லிருந்து லூயிசியானா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'தெற்கின் வரலாறு' என்ற புத்தக வரிசையும் வந்தது. அதில் மெர்ட்டன் கோல்ட்டர் எழுதியவை மேஜர் இருந்திருந்தால் தூக்கி வைத்துக் கொஞ்சியிருப்பார், அவ்வளவு தெற்குப் பாசம். ஆனால் அதே வரிசையில் 1951-ல் வான் வுட்வர்டின் 'புதிய தெற்கின் தோற்றம்' வந்தது. போருக்குப் பின் தெற்கை ஆண்டவர்கள் யார், யார் லாபத்துக்காக ஆண்டார்கள் என்று தோலுரித்த புத்தகம். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954 பிரவுன் வழக்கில் கறுப்பினத்தவர் தரப்புக்கு வரலாற்று ஆய்வு செய்து கொடுத்தவர்களில் வுட்வர்டும் ஒருவர். மேஜரின் பெயரைத் தாங்கிய நிதியின் ஆதரவில் வந்த வரிசை, மேஜரின் கதைக்கே ஆப்பு வைத்தது!

இது நடந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. ஆவணம் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து படித்து, என்ன வேண்டுமானாலும் முடிவுக்கு வரலாம். சிலையிடம் அப்படி வாதாட முடியாது. அது சொல்லும், நீ கேட்டுக்கொண்டு நடக்கணும். ஒருவர் கொடுத்த பணத்துக்குப் பல்கலைக்கழகம் காட்ட வேண்டிய நன்றி, அதை வைத்து ஒழுங்காகப் பல்கலைக்கழக வேலையைச் செய்வது. அவர் நினைத்த மாதிரியே கடைசி வரை நினைப்பது அல்ல.

இன்னொரு கதையும் இருக்கிறது, சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1918-ல் சிகாகோ பேங்கர் ஜான் ஹென்றி ரென் சேர்த்து வைத்திருந்த அரிய ஆங்கில இலக்கியப் புத்தகங்களை லிட்டில்ஃபீல்ட் 2,25,000 டாலர் கொடுத்து பல்கலைக்கழகத்துக்கு வாங்கித் தந்தார். மாட்டுக்காரர் வாங்கிய இலக்கியம். பெரிய பெருமை. ரென் அதையெல்லாம் வாங்கியது தாமஸ் வைஸ் என்ற லண்டன் புத்தக வித்தகரின் ஆலோசனையில். 1934-ல் ரெண்டு இளைஞர்கள், ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொல்லார்டும், காகிதத்தையும் அச்செழுத்தையும் ஆராய்ந்து குண்டு போட்டார்கள்: வைஸ் கைவழியாகச் சந்தைக்கு வந்த பல 'முதல் பதிப்புகள்' போலி! 1847 என்று அச்சடித்த புத்தகத்தின் காகிதம் அந்த வருஷத்தில் தயாரிக்கப்படவே இல்லை. ஆஸ்டின் அலமாரியில் அந்தப் போலிகள் கட்டுக் கட்டாக இருந்தன. பின்னால் டேவிட் ஃபாக்ஸன் என்பவர் தோண்டியதில் இன்னும் மோசம், பிரிட்டிஷ் மியூசியத்துப் பழைய நாடகப் புத்தகங்களிலிருந்து வைஸ் கிழித்துத் திருடிய தாள்கள் ரென்னுக்கு விற்ற பிரதிகளுக்குள் ஒட்டப்பட்டிருந்தன.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? எரிக்கவில்லை. "மேஜர் கொடுத்தது, அதனால் இது அசல்தான்" என்று அடம் பிடிக்கவும் இல்லை. போலி என்று எழுதி வைத்து ஆராய்ந்தது. நூலகர் ஃபேனி ராட்ச்ஃபோர்ட் 1944-ல் வைஸ் ரென்னுக்கு எழுதிய கடிதங்களையே புத்தகமாகப் போட்டார். இன்றைக்குப் புத்தக மோசடியைப் படிக்கிறவனுக்கு அந்த அலமாரி ஒரு தங்கச் சுரங்கம்.

சிலைக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. டேவிஸ் 2017-ல் வளாகத்திலேயே பிரிஸ்கோ வரலாற்று மையத்துக்குள் கண்காட்சிப் பொருளாக வந்துவிட்டார், எப்படிச் செய்தார்கள், ஏன் வைத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்ற கதையோடு. "வரலாற்றை அழிக்கிறாங்க" என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நம்ம தொழில் பாஷையில் சொன்னால் இது டெலீட் கிடையாது. ஓடுகிற ப்ரொடக்‌ஷன் கோடிலிருந்து எடுத்திருக்கிறார்கள், ஹிஸ்டரி பத்திரமாக ரெப்போவில் இருக்கிறது.

அதனால் அந்தப் பக்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "வீட்டையும் இடி, பெயரையும் எடு, நிதியையும் மூடு" என்று கிளம்புகிறவர்களோடு நான் இல்லை. வீடு நிற்கட்டும். அருமையான வீடு அது. இரண்டாம் உலகப் போரில் கடற்படைப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள், இசைத்துறைப் பிள்ளைகள் பியானோ தட்டினார்கள், பின்னால் சீர்செய்தார்கள். இத்தனையையும் தாங்கிய செங்கல் உண்மையையும் தாங்கும். அந்த வீட்டைப் பற்றிச் சொல்லும்போது முழுசாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

இதெல்லாம் யாரோ வெள்ளைக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்கிறவர்களுக்கு: ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 2018-ல் அறுபது லட்சம் டாலர் சேர்ந்ததே, அதில் தமிழக அரசின் பத்து கோடி ரூபாய் முதல் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களின் நூறு டாலர் வரை இருந்தது. அப்போது நாம் என்ன பேசினோம் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். யார் பேராசிரியராக வருவார், நம் தமிழின் தொன்மையை ஒழுங்காகச் சொல்வாரா, எதிராக எழுதிவிட்டால் என்ன பண்ணுவது. எத்தனை மின்னஞ்சல் சண்டை! லிட்டில்ஃபீல்ட் 1914-ல் பார்க்கரிடம் எதிர்பார்த்ததும் இதே 'நம்ம பக்கத்து நியாயம்'தான். நாம் அடிமை வைத்திருந்த மேஜர் இல்லை, அந்த ஒப்பீட்டுக்கு வரவில்லை. ஆனால் காசு கொடுத்தவன் கதையையும் எழுதித் தருவேன் என்கிற ஆசை இருக்கிறதே, அது டெக்சஸ் மாட்டுப் பண்ணையில் மட்டும் விளைவதில்லை. நான் கொடுத்த நூறு டாலருக்கு எனக்குப் பிடிக்காத ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அந்த இருக்கையிலிருந்து வந்தால், காசு வீண் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அண்ணே, கடைசியா உங்க பதிவுக்கே வருகிறேன். அந்த தேவதாரு படத்துக்குக் கீழே 'இமயமலை மண்ணில் வளர்ந்த மரம், வித்தியாசமான மேஜரின் வீடு' என்று போட்டிருக்கீங்க. படம் பிரமாதம், எடுக்க வேண்டாம். 'வித்தியாசமான' என்கிற வார்த்தையை அடித்துவிட்டு, பக்கத்தில் நேத்தன் ஸ்டோக்ஸ் என்று ஒரு பெயரைச் சேர்த்துவிடுங்க. ஒரு நிமிஷ வேலை.

டிஸ்கி 1: டெக்சஸ் மேற்கே லிட்டில்ஃபீல்ட் என்றே ஓர் ஊர் இருக்கிறது, நம்ம மேஜரின் பண்ணை நிலத்தில் உருவானது. நாட்டுப்புறப் பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் 1937-ல் பிறந்த ஊர். 'வேலன்' என்று தமிழில் எழுதும்போதே குமாரபாளையம் பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறார் :))

டிஸ்கி 2: ஆவி நிஜமா என்று கேட்கப் போகிறவர்கள், தயவுசெய்து ராத்திரி போய்ப் பார்த்துவிட்டு வந்து நீங்களே பின்னூட்டம் போடவும். நான் வரலை.